பழைய வண்டிக்குப் புதிய பாட்டரி

நம் மன்றத்து அன்பர்களுள் சொந்தக் கார் வைத்திருப்பவர் எவரும் இல்லை என்பதை அறிவேன். இருப்பினும் இக்கட்டுரையை எழுதத் துணிந்ததற்குக் காரணம் உண்டு.

கொல்கத்தாவில் நான் குடியிருக்கும் வீட்டுக்காரப் பெரியவரிடம் 1961-ஆம் ஆண்டு அம்பாசிடர் ஒன்று இருக்கிறது. அவருடைய தந்தையார் வாங்கியது. மூன்றே ஆண்டுகளில் இரண்டு பாட்டரிகள் அதில் பாழாயின. "வண்டிக்கு ஆயுள் முடிந்துவிட்டது, விற்றுவிட வேண்டியதுதான்" என்று மனம் தளர்ந்தவர், பௌதிகம் படிப்பவன் என்பதால் என்னை அழைத்துக் காட்டினார். நானும் முதலில் ஒரு தவறு செய்தேன். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

1859-இல் பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்தோன் பிளாந்தே அமைத்த காரீய-அமிலக் கலத்தின் வழிவந்ததே இன்றைய கார் பாட்டரியும். ஒரு கலம் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். ஆறு கலங்களை வரிசையாக இணைத்தால் 12.6 வோல்ட்; இதையே 12 வோல்ட் பாட்டரி என்கிறோம். 1960-களின் இடைப்பகுதி வரை வந்த வோக்ஸ்வாகன் பீட்டில் போன்றவை மூன்று கலங்கள் கொண்ட 6 வோல்ட் பாட்டரியில் ஓடின. ஆகவே கடைக்குப் போகுமுன் அறிய வேண்டிய முதற்செய்தி, வண்டி எத்தனை வோல்ட் என்பது.

இரண்டாவது, பாட்டரியின் எந்த முனை வண்டியின் உடலோடு 'எர்த்' ஆகிறது என்பது. இக்காலக் கார்களில் எதிர்முனை. அம்பாசிடருக்கு மூலமான மோரிஸ் ஆக்ஸ்போர்டு முதலிய அன்றைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றிலோ நேர்முனை! பெரியவரின் வண்டியும் அவ்வகையே. நான் அதைப் பாராமல் இக்கால வழக்கப்படி மாட்டிவிட்டேன். எஞ்சின் கிளம்பியது, வேகம் கூட்டியதும் 'கட்-அவுட்' பெட்டியிலிருந்து புகை வந்தது. முறையான இணைப்பில் டைனமோவின் மின்னழுத்தமும் பாட்டரியின் மின்னழுத்தமும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும். தலைகீழாக மாட்டியதால் இரண்டும் கூடிக்கொள்ள, பெரும் மின்னோட்டம் பாய்ந்து தொடுமுனைகள் கருகிவிட்டன. அம்மாத உதவித்தொகையில் ஒரு பகுதி அதற்கே போயிற்று.

மூன்றாவது, அளவு. பாட்டரி அதன் தட்டில் அசையாமல் அமர வேண்டும். உயரம் மிகுந்தால் முனைகள் பானெட்டைத் தொட்டுத் தீப்பொறி எழும். முனைகள் இடம் மாறியிருந்தால் கம்பிகள் எட்டா.

நான்காவதே எல்லாவற்றிலும் முக்கியம்: பாட்டரிக்கு மின்னேற்றுவது எது? இக்கால ஆல்டர்னேட்டர், எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதும் மின்சாரம் தரும். பழைய டைனமோ தராது. அக்காலத்து லூக்காஸ் சி-40 டைனமோ வேகமாக ஓடும்போது தருவதே 22 ஆம்பியர்தான். பெரியவரோ ஞாயிறுதோறும் வண்டியை நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓடவிடுவார். பாட்டரிக்கு நல்லது என்று அவர் நம்பிக்கை. ஸ்டார்ட்டர் ஒவ்வொரு முறையும் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது இக்னிஷன் காயிலும் பாட்டரியிலிருந்தே எடுக்கும். செலவு உண்டு, வரவு இல்லை! மின்னிறக்கம் பெற்றே கிடக்கும் தகடுகளில் காரீய சல்பேட் படிந்து இறுகிவிடும். அந்த இரண்டு பாட்டரிகளும் கவனக் குறைவால் அல்ல, கவனத்தாலேயே கெட்டன.

கடைக்காரர் "பெரிதாகப் போடுங்கள்" என்பார். ஆம்பியர்-மணி மிகுந்த பாட்டரியால் ஸ்டார்ட்டருக்குத் தீங்கில்லை. ஆனால் ஒருமுறை இறங்கிவிட்டால், சிறிய டைனமோவால் அதை நிரப்ப வெகுநேரம் ஆகும். எனவே வண்டிக்கு முதலில் குறித்த அளவையொட்டியே வாங்குவது நன்று. மூடி திறந்து காய்ச்சி வடித்த நீர் ஊற்றக்கூடிய வகையே ஏற்றது. பழைய ரெகுலேட்டர் சற்று மிகையாக மின்னேற்றினாலும் குறைந்த நீரை ஈடுசெய்யலாம். முற்றும் மூடிய வகையில் அதற்கு வழியில்லை.

மாட்டும்போது எர்த் கம்பியைக் கடைசியில் இணையுங்கள்; கழற்றும்போது அதையே முதலில் எடுங்கள். மின்னேறும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வருமாதலால் அருகில் தீ ஆகாது.

இப்போது ஞாயிறு காலைகளில் பெரியவர் வண்டியை நின்ற இடத்தில் ஓடவிடுவதில்லை. உத்தர்பாடா வரை ஓட்டிச் சென்று திரும்புகிறார். அம்பாசிடர் பிறந்த ஊர் அதுவே. 2014-இல் அங்கே உற்பத்தி நின்றுவிட்டது. இந்த வண்டியை விற்கும் பேச்சும் நின்றுவிட்டது.