ஐந்து ஸ்வரங்களில் ஒரு சோலோ

கிதாரில் சோலோ வாசிக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பழகுவது ஏ மைனர் பென்டடானிக் ஸ்கேல். 5ஆவது ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலை வைத்தால், கையை நகர்த்தாமலே 8ஆவது ஃப்ரெட்டுக்குள் எல்லாம் அடங்கிவிடும். கம்பிக்கு இரண்டாக, ஆறு கம்பிகளிலும் ஏ, சி, டி, இ, ஜி என்ற ஐந்து ஸ்வரங்களே திரும்பத் திரும்ப வரும். ஏ-யைச் சட்ஜமமாகக் கொண்டால் இவை சுத்த தன்யாசி ராகத்தின் ஸ்வரங்கள்.

அடுத்தடுத்த ஸ்வரங்களுக்கு இடையே குறைந்தது இரண்டு ஃப்ரெட் தூரம் இருப்பதால், எதைத் தொட்டாலும் பெரிதாக அபசுரம் தட்டாது. இந்த வசதியிலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். விரல்கள் மேலும் கீழும் ஓடி ஸ்கேலை ஒப்பிக்கும். கேட்கிறவர் மனதில் ஒரு வரிகூடத் தங்காது.

சோலோவுக்கு உயிர் கொடுப்பவை பின்னால் ஒலிக்கும் கார்டுகள். ஏ-யில் அமைந்த 12 பார் ப்ளூஸ் ஏ7 கார்டில் தொடங்குகிறது. அதற்குள் இருப்பது சி ஷார்ப். நம் ஸ்கேலில் இருப்பதோ வெறும் சி. சாதாரண காந்தாரமும் அந்தர காந்தாரமும் ஒன்றாக ஒலிக்கும் நிலை அது. ப்ளூஸ் கலைஞர்கள் இந்த உரசலை விரும்பியே வாசிக்கிறார்கள். சி-யில் விரலை அழுத்திக் கம்பியைப் பக்கவாட்டில் லேசாகத் தள்ளுவார்கள். கம்பி இறுகச் சுருதி ஏறும். சி ஷார்ப்பை எட்டுமுன் நிறுத்திவிடுவார்கள். எங்கே நிறுத்துவது என்பதைக் காதுதான் சொல்லும். கார்டு டி7-க்கு மாறியதும் அதே சி அந்தக் கார்டின் சொந்த ஸ்வரமாகிவிடும். விரல் இருந்த இடத்திலேயே இருக்க, உரசல் தணிந்து இதமாகிறது. கிதாரில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இ7 வரும்போது இ அல்லது டி-யில் இறங்கலாம்.

மிசிசிப்பியில் பிறந்த ப்ளூஸ் கலைஞர் பி. பி. கிங் (1925–2015) வாசித்ததைக் கேளுங்கள். ஒரு வரி பாடுவார், கிதார் பதில் சொல்லும், பிறகு சற்று மௌனம். ஸ்வரங்கள் கொஞ்சம்தான், நீட்டிய ஸ்வரத்தில் இடது கையை அசைத்து அவர் தரும் நடுக்கத்திலேயே ஆளை அடையாளம் கண்டுவிடலாம்.

பழகும்போது மூன்று ஸ்வரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு வரியை முதலில் வாயால் பாடி, பிறகு கம்பியில் தேடுங்கள். விரல் தானாக ஓடுவது அப்போது நிற்கும். 5ஆவது ஃப்ரெட்டில் தொடங்கும் இந்த வடிவம் கைவந்தபின் கழுத்து நெடுகிலும் இதே ஸ்வரங்களுக்கு இன்னும் நான்கு வடிவங்கள் இருக்கின்றன. 17ஆவது ஃப்ரெட்டில் முதல் வடிவமே ஒரு ஸ்தாயி மேலே மறுபடி வரும்.