காவலரை அறியும் வழி

நோயை எதிர்க்கும் டி உயிரணுக்கள் நம் உடலையே தாக்காதிருப்பது எதனால்? 1940-களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில், தோல் செதிலுதிர்ந்து சில வாரங்களே வாழ்ந்த ஆண் சுண்டெலிகள் பிறந்தன. அவற்றை மாய்த்தவை அவற்றின் டி உயிரணுக்களே. 2001-இல் பிரங்கோ, ராம்ஸ்டெல் முதலியோர் அதற்குக் காரணமான மரபணுப் பழுதைக் கண்டனர். ஆண் மகவுகளை வாட்டும் கொடிய நோயொன்றுக்கும் அதே மரபணுவின் பழுதே காரணமெனத் தெளிந்தது.

அம்மரபணு ஆக்கும் ஃபாக்ஸ்பி3 என்னும் புரதம், உட்கருவிலிருந்து பிற மரபணுக்களை இயக்கியும் அடக்கியும் ஆள்வது. 2003-இல் சகாகுச்சி குழுவினர் அதன் மரபணுவைச் சாதாரண டி உயிரணுக்களுட் புகுத்தவே, அவை பிறவற்றை அடக்கும் காவலராயின. இம்மூவரும் 2025-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

இப்புரதத்தைக் காண, உயிரணுவை வேதிப்பொருளால் நிலைப்படுத்தி, சவ்வைத் துளைத்து, ஒளிர்சாயம் பூண்ட எதிர்ப்பொருளை உட்செலுத்துவர். பின்னர், ரயிலடி வாயிலில் சீட்டைப் பார்த்து ஆளை விடுவதுபோல், லேசர் ஒளியின்முன் ஒவ்வொன்றாகச் செலுத்தி ஒளிர்பவற்றை எண்ணுவர். ஆனால், இங்ஙனம் அறியப்பட்ட உயிரணு உயிரோடிராது. நோயாளிக்குச் செலுத்தவோ உயிருள்ளவையே வேண்டும். ஆதலின் சிடி25 முதலிய புற அடையாளங்களைக் கொண்டே பிரிக்கின்றனர். தாக்க எழுந்த உயிரணுவும் சிடி25-ஐத் தாங்குவதுண்டு. காவலரின் சட்டையைக் கலகக்காரரும் அணிவதுபோல! அன்பர்களே, சட்டையைக் கண்டு மயங்காது ஆளை அறிவதிலேயே நோயாளியின் நலம் அடங்கியுள்ளது.