துபாய் போக எத்தனை மணி நேரம்?



என் அப்பா துபாயில் கட்டட வேலை பார்க்கிறார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் வருவார். போன முறை வந்தப்போ ஒரு தப்பு நடந்துவிட்டது. டிக்கெட்டில் 'துபாய் இரவு 10.00, சென்னை அதிகாலை 3.30' என்று இருந்தது. எங்கள் மாமா, "அது துபாய் டைம், நம்ம டைமுக்கு ஒன்றரை மணி கூட்டணும்" என்று சொல்லி, 5 மணிக்கு என்று கணக்குப் போட்டு வேனில் போனார். அப்பா பெட்டிகளோடு வெளியே உட்கார்ந்தே இருந்தாராம். கையில் நம்ம ஊர் சிம்மும் இல்லை. வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் அழுகை வந்தது.

டிக்கெட்டில் கிளம்புகிற நேரம் கிளம்பும் ஊர்க் கடிகாரப்படி இருக்கும். இறங்குகிற நேரம் இறங்கும் ஊர்க் கடிகாரப்படி இருக்கும். சென்னை 3.30 என்றால் சென்னையில் 3.30தான். எதையும் கூட்டக் கூடாது.

பயண நேரம் தெரியணும் என்றால்தான் கூட்டல் கழித்தல். துபாயில் இரவு 10 மணி என்றால் நமக்கு 11.30. அதிலிருந்து 3.30 வரை 4 மணி நேரம். அப்பா திரும்பிப் போகும்போது சென்னையில் காலை 10.00, துபாயில் பகல் 12.45. "போறதுக்கு ரெண்டேமுக்கால், வர்றதுக்கு அஞ்சரையா?" என்று ஆயா கேட்டுச்சு. இல்லை ஆயா, போறதுக்கு 4¼ மணி. கால் மணி ஏன் கூடுது? மேலே 10 கிலோமீட்டர் உயரத்தில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே வீசும். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. சைக்கிளில் வருகிறவர்களுக்கு இது தெரியும்.

அது என்ன ஒன்றரை மணி? பூமி ஒரு மணிக்கு 15 டிகிரி சுற்றுகிறது. நம் நேரம் 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கக்கோட்டை வைத்தது. துபாய் நேரம் 60 டிகிரியை வைத்தது. வித்தியாசம் 22½. பதினைந்தால் வகுத்துப் பாருங்கள்.

தூரத்தை நான் நூல் வைத்து அளந்தேன். சமூக அறிவியல் டீச்சர் மேஜையில் இருக்கும் பூமி உருண்டையில் சென்னைக்கும் துபாய்க்கும் 7 செ.மீ. வந்தது. உருண்டையின் நடுச்சுற்று 94 செ.மீ., நிஜ பூமிக்கு 40,000 கி.மீ. கணக்குப் போட்டால் சுமார் 2,980 கி.மீ. சரியான தூரம் சுமார் 2,930 கி.மீ. நூலுக்கு இது பரவாயில்லை! விமானம் மணிக்கு 850 கி.மீ. போனால் மூன்றரை மணிதான் ஆகும். ஓடுபாதையில் ஊர்வது, ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்ந்துதான் நாலு மணி.

நம்ம ஊரிலிருந்து விழுப்புரம் வழியாக மீனம்பாக்கம் போகவும் அதே நாலு மணிதான்.

வரும் மாசியில் அப்பா வருகிறார். அதே விமானம். மாமாவிடம் இரவு 11.30க்கு வேனை எடுக்கச் சொல்லிவிட்டேன். அந்த நேரத்தில்தான் அப்பாவும் அங்கே கிளம்புவார். இந்த முறை நானும் வேனில் போகிறேன்.

- 9-ஆம் வகுப்பு மாணவி