மடிக்கணினி ஏன் திக்குகிறது?

சென்ற றமழானில் எங்கள் வீட்டு மடிக்கணினிக்குத் திக்குவாய் வந்தது. உம்மா கிராஅத் கேட்க வைத்தால் இடையிடையே ஓசை வெட்டுப்படும். என் இரசாயனவியல் பாடப் பதிவுகளும் அப்படியே. திருத்துமிடத்தில் "போர்ட் மாற்ற வேண்டும்" என்றார்கள். அந்தக் காசை வாப்பா என் வகுப்புக் கட்டணத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். இரண்டு நாள் தவணை கேட்டேன்.

கணினியிலேயே சேமித்திருந்த பதிவும் திக்கியது. ஆகவே இணைய இணைப்பின் குற்றமல்ல. ஹெட்செட் மாட்டியும் திக்கியது. ஸ்பீக்கரும் குற்றவாளி அல்ல. விசித்திரம் அடுத்ததுதான். ஓசை மட்டும் ஓடும்போது திக்கிய கணினி, பக்கத்தில் ஒரு பாரமான வேலையைக் கொடுத்ததும் சுத்தமாகப் பேசியது! வேலை கூடினால் அல்லவா திணற வேண்டும்?

கணினிக்கு ஓசை என்பது எண்களின் வரிசை. பெரும்பாலும் விநாடிக்கு 48,000 எண்கள். விண்டோஸ் இவற்றை வழக்கமாக 10 மில்லிசெக்கனுக்குரிய சிறு கட்டுகளாக, அதாவது 480 எண்களாக அனுப்புகிறது. ஒரு கட்டு தீருமுன் அடுத்தது வந்தாக வேண்டும். வேலை குறைந்த நேரத்தில் புரொசசர் மின்சாரத்தை மிச்சம்பிடிக்கத் தன் வேகத்தைக் குறைக்கிறது. இடையிடையே உறங்கவும் செய்கிறது. ஸஹருக்கு எழுப்பினால் என் தங்கை எழும்பும் வேகம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். புரொசசர் அவளைப் போலல்ல, கண்ணிமைக்கு முன் விழித்துவிடும். ஆனாலும் வேகம் குறைந்திருக்க, ஓசைக்குரிய டிரைவரும் மந்தமாக இருந்தால் அந்தக் கட்டு பிந்திவிடும். அந்த வெறுமைதான் நமக்கு வெட்டாகக் கேட்கிறது.

கொன்ட்ரோல் பெனலில் பவர் ஒப்ஷன்ஸைத் திறந்து, சேன்ஞ் பிளான் செட்டிங்ஸ், பின் சேன்ஞ் அட்வான்ஸ்ட் பவர் செட்டிங்ஸ் என்று செல்லுங்கள். புரொசசர் பவர் மனேஜ்மென்டின் கீழ் மினிமம் புரொசசர் ஸ்டேட் இருக்கும். எங்களுடையதில் 5 வீதம் என்றிருந்தது. முதலில் 100 ஆக்கிப் பார்த்தேன், திக்கல் நின்றது. காரணம் இதுதான் என்று உறுதியானதும் சிறிது சிறிதாகக் குறைத்து 50இல் விட்டேன். சில கணினிகளில் இந்தத் தெரிவு மறைந்திருக்கும். அப்போது செட்டிங்ஸில் பவர் மோடை பெஸ்ட் பெர்போமன்ஸ் ஆக்கலாம்.

இதற்கு ஒரு விலை உண்டு. கணினி சூடாகும், பற்றரி விரைவில் இறங்கும். ஆகவே பிளக்ட் இன் என்பதற்கு மட்டும் மாற்றுங்கள்; ஒன் பற்றரியைத் தொட வேண்டாம். மாற்றியும் திக்கினால் பழைய எண்ணையே போட்டுவிட்டு, கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து ஓசைக்குரிய புதிய டிரைவரை இறக்கிப் பாருங்கள். போர்ட் மாற்றும் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கலாம்.