புது பேட்டரி போட்ட பழைய பைக்

பழைய பைக் பார்க்கப் போகிறவர் முதலில் காதைத் தீட்டிக்கொள்கிறார். இன்ஜினில் தட்டல் சத்தம் கேட்கிறதா, சைலன்சரில் புகை வருகிறதா, செயின் ஸ்பிராக்கெட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, ஆர்.சி. புத்தகத்தில் எத்தனையாவது ஓனர் என்று எல்லாம் பார்த்து முடித்ததும், விற்பவர் செல்ஃப் பொத்தானை ஒரு தட்டுத் தட்டுகிறார். வண்டி சட்டென்று கிளம்புகிறது. “பேட்டரி போன மாசம்தான் சார் மாத்தினேன்” என்கிறார். கரன்ட் விஷயம் சரியாக இருக்கிறது என்று வாங்குபவரும் அந்தக் கேள்வியை அத்தோடு விட்டுவிடுகிறார். உண்மையில் சோதனை தொடங்க வேண்டிய இடமே அதுதான். ஒரே தட்டில் கிளம்பினால் பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது என்று பொருள். அந்தச் சார்ஜ் நேற்றிரவு வீட்டுச் சார்ஜரில் ஏறியதாகவும் இருக்கலாம். ஓடும்போது எடுத்ததை வண்டி பேட்டரிக்குத் திருப்பிக் கொடுக்கிறதா என்பது வேறு கேள்வி. ஓரிரு வருடமே ஆன வண்டிக்கு எதற்காகப் புது பேட்டரி தேவைப்பட்டது என்று கேட்டால், சில சமயம் அந்த வேறு கேள்விக்கே விடை கிடைத்துவிடும்.

இந்த அசட்டைக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. யமஹா ஆர்எக்ஸ் 100 மாதிரியான வண்டியில் பேட்டரி செத்தால் ஹாரன் அடிக்காது, இண்டிகேட்டர் மின்னாது, அவ்வளவுதான். மேக்னட்டிலிருந்து வரும் கரன்டே ப்ளக்கில் பொறியைக் கொடுத்துவிடும், உதைத்தால் கிளம்பிவிடும். 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களில் இன்ஜின் ஓடும் நேரமெல்லாம் முகப்பு விளக்கு எரிந்தாக வேண்டும் என்று விதி வந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்தபோது கார்புரேட்டர் ஏறக்குறைய ஒழிந்து, ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் அந்த இடத்தைப் பிடித்தது. பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், இசியு எல்லாமே கரன்டை நம்பி வாழ்பவை. பல மாடல்களில் கிக்கரையே எடுத்துவிட்டார்கள். கிக்கர் இருக்கும் வண்டியிலும் பேட்டரி அடியோடு இறங்கியிருந்தால், உதைக்கிற உதையில் பம்புக்கு உயிர் வருமா என்பது சந்தேகம்தான். இந்தத் தலைமுறை வண்டிகள்தான் இன்று செகண்ட் ஹாண்ட் சந்தையில் வந்து நிற்கின்றன. பார்த்து வாங்குகிற முறை மட்டும் ஆர்எக்ஸ் 100 காலத்திலேயே இருக்கிறது.

சார்ஜ் ஏற்றும் அமைப்பு சிக்கலானது அல்ல. கிராங்க்கோடு சேர்ந்து சுற்றும் காந்தம், அதற்குள் நிலையாக நிற்கும் செம்புக் காயில், அது தரும் ஏசி கரன்டை டிசியாக மாற்றி அளவாக பேட்டரிக்கு அனுப்பும் ஆர்ஆர் (ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்) யூனிட் ஆகிய மூன்றுதான் அதன் உறுப்புகள். நிறுத்த முடியாத மோட்டார் ஒன்று மொட்டை மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டே இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பைக்கில் இருப்பது நிரந்தரக் காந்தம் என்பதால் இன்ஜின் சுற்றும் வரை கரன்ட் வந்துகொண்டே இருக்கும். காரில் ஆல்டர்னேட்டரின் உற்பத்தியையே குறைத்துக்கொள்ள வழி உண்டு, இங்கே இல்லை. தொட்டி நிறைந்த பிறகு வரும் தண்ணீரை எங்காவது வழியவிட்டுத்தான் ஆக வேண்டும். நம்முடைய பெரும்பாலான வண்டிகளில் இருக்கும் ஷன்ட் வகை ஆர்ஆர் யூனிட் இந்த உபரியைக் காயிலுக்கே ஷார்ட் செய்து திருப்பிவிடுகிறது. அது முழுவதும் சூடாக மாறுகிறது. யூனிட்டின் முதுகில் அலுமினியப் பட்டைகள் இருப்பதும், காற்று படும் இடத்தில் அதை மாட்டியிருப்பதும் இதனால்தான். ‘லைட்டை அணைச்சு ஓட்டினா காயில் பிழைக்கும்’ என்று சொல்லி, எப்போதும் எரியும் முகப்பு விளக்குக்குத் தனி சுவிட்ச் வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. ஷன்ட் வகையில் அதனால் காயிலுக்கு எந்த நிம்மதியும் கிடைக்காது. விளக்கு எடுக்காத கரன்டையும் யூனிட்தான் சூடாக்கித் தொலைக்க வேண்டும். அப்படி ஒரு சுவிட்சைப் பார்த்தால், வயரிங்கை யாரோ அறுத்து ஒட்டியிருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

காயில் செத்துப்போன வண்டியும் டெஸ்ட் ரைடில் அழகாக ஓடும். கணக்குப் போட்டால் காரணம் புரியும். 35 வாட் முகப்பு விளக்கு மட்டுமே ஏறக்குறைய 3 ஆம்பியர் இழுக்கிறது. பம்ப், இக்னிஷன், டெயில் லைட் எல்லாம் சேர்த்து 5 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், முழுதாக ஏற்றிய 4 ஆம்பியர்-அவர் பேட்டரி முக்கால் மணி நேரம் வரை தாக்குப்பிடிக்கும். தெருமுனை வரை போய்த் திரும்புகிற ஐந்து நிமிட ஓட்டத்தில் எந்தக் குறையும் தெரியாது. வாங்கிய மறுநாள், தாம்பரத்தைத் தாண்டி ஏதோ ஒரு சிக்னலில், ஆர்பிஎம் இறங்கிய நொடியில் வண்டி படுத்துவிடும். அதன் பிறகு தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான்.

இதைக் கண்டுபிடிக்கத் தேவையான டிஜிட்டல் மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சீட்டைக் கழற்றி, டிசி 20 வோல்ட்டில் வைத்த மீட்டரின் சிவப்பு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை மைனஸிலும் வைக்க வேண்டும். அதற்கு முன் சாவியைப் போட்டு ஒரு நிமிடம் ஏதாவது விளக்கை எரியவிடுவது நல்லது. அப்போதுதான் சார்ஜரிலிருந்து எடுத்த பேட்டரி காட்டும் மேலோட்டமான வோல்டேஜ் இறங்கும். சாவியை அணைத்துவிட்டுப் பார்த்தால் நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டி நிற்கும். செல்ஃப் அழுத்தும்போது எண் சரியும். 10 வோல்ட்டுக்கு மேலேயே நின்றால் பேட்டரியில் தெம்பு இருக்கிறது. இன்ஜின் ஐடிலிங்கில் இருக்கும்போது 13ஐ ஒட்டி இருந்தால் கவலை இல்லை, பல வண்டிகளில் ஐடிலிங்கில் உற்பத்தி குறைவுதான். தீர்ப்பு அடுத்த கட்டத்தில். ஆக்சிலரேட்டரை மெல்ல முறுக்கி 4,000 முதல் 5,000 ஆர்பிஎம் வரை கொண்டுபோனால், எண் 14ஐ நோக்கி ஏறி, 13.8க்கும் 14.5க்கும் நடுவில் நிலைகொள்ள வேண்டும். எவ்வளவு முறுக்கியும் 12.4லேயே நின்று சொட்டுச் சொட்டாக இறங்கினால் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தாண்டிப் போனால் ஆர்ஆர் யூனிட் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது. அது பேட்டரியை உப்பவைக்கும், பல்புகளை எரிக்கும், இசியுவுக்கும் ஆபத்து. ஏறாத வண்டியைவிட மிஞ்சி ஏறும் வண்டியைக் கண்டு அதிகம் பயப்பட வேண்டும். சத்தமில்லாமல் கிளம்பும் ஏசிஜி ஸ்டார்ட்டர் வண்டிகளில் ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் ஒன்றே என்றாலும், பேட்டரி முனையில் பார்க்கும் இந்தக் கணக்கு அவற்றுக்கும் பொருந்தும்.

அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன் ஒருவர் இங்கே ஒரு ஆட்சேபம் சொல்வார். குளிர்ந்த வண்டியில் மீட்டர் வைத்தால் பாதிப் பழுது தெரியாது என்பார். அது முழு உண்மை. காயில் கம்பியின் மேல்பூச்சு சூட்டில்தான் விட்டுக்கொடுக்கும், ஆர்ஆர் யூனிட்டுக்குள் இருக்கும் டயோடும் சூடேறிய பிறகுதான் கைவிரிக்கும். ஆகவே இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வந்து, இன்ஜின் ஆறுவதற்குள் அதே சோதனையை மறுபடி செய்ய வேண்டும். முதலில் 14.2 காட்டிய வண்டி இப்போது 12.9 காட்டினால் நோய் பிடிபட்டுவிட்டது. அந்தச் சூட்டிலேயே காயிலிலிருந்து யூனிட்டுக்குப் போகும் கப்ளரையும் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று மஞ்சள் வயர்கள் அதில் சேரும். வெள்ளைப் பிளாஸ்டிக் ஒரு மூலையில் மட்டும் பழுப்பேறி, ஒரு பின் கறுத்து, மூக்கருகே கொண்டுபோனால் கருகல் வாடை அடித்தால், அந்த இணைப்பு பல மாதமாகத் தளர்ந்து சூடாகிக்கொண்டிருக்கிறது. பின்னில் பச்சைக் களிம்பு பூத்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எண்ணற்ற வண்டிகள் மூழ்கின. மூழ்கிய வண்டியின் இன்ஜினைச் சுத்தம் செய்துவிடலாம். வயரிங் கிட்டுக்குள் ஏறிய ஈரம் வருடக்கணக்கில் செம்பைத் தின்றுகொண்டிருக்கும். பெயின்ட் பளபளப்பதைக் கண்டு ஏமாறாமல், சீட்டுக்கு அடியில் இருக்கும் கப்ளர்களைப் பாருங்கள்.

‘ஒரு ஆர்ஆர் யூனிட் மாற்றினால் போச்சு, இதற்கு ஏன் இவ்வளவு?’ என்பது அடுத்த ஆட்சேபம். சிறிய வண்டிக்கு அந்த யூனிட் பெரிய செலவில்லை என்பது சரி. ஆனால் கெட்டது யூனிட்டா, காயிலா, நடுவில் இருக்கும் வயரா என்று தெரியாமல் மாற்றுவதில்தான் பணம் கரைகிறது. கருகிய கப்ளரை அப்படியே விட்டுவிட்டுப் புது யூனிட் மாட்டினால் அதுவும் சீக்கிரம் போகும். காயில் என்றால் இன்ஜினின் பக்கவாட்டு கவரைத் திறக்க வேண்டும். பல வண்டிகளில் ஆயிலை இறக்கி, கேஸ்கெட்டும் மாற்ற வேண்டியிருக்கும். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் கழற்றிய காயில் மலிவாகக் கிடைக்கும்தான், ஆனால் அது எவ்வளவு சூடு தின்றது என்று யாருக்கும் தெரியாது. கெட்டது எது என்பதை எலக்ட்ரீஷியன் சில நிமிடத்தில் சொல்லிவிடுவார். கப்ளரைக் கழற்றி மஞ்சள் வயர்களை இரண்டிரண்டாக அளந்தால் மூன்று அளவும் ஒன்றுபோல வர வேண்டும், எந்த வயரும் பாடியோடு எர்த் ஆகக் கூடாது. காயில் தேறினால் யூனிட்டையும் வயரையும் பார்த்தால் போதும்.

சார்ஜ் ஒழுங்காக ஏறியும் இரண்டு நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கும் வண்டிகளும் உண்டு. பின்னால் மாட்டிய ஜிபிஎஸ், மொபைல் சார்ஜர், ரிலே இல்லாத ஃபாக் லைட் என்று ஏதோ ஒன்று சாவியை அணைத்த பிறகும் உறிஞ்சிக்கொண்டிருக்கும். 50 மில்லி ஆம்பியர் ஒழுகினாலே நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-அவர் போகிறது. 4 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு மூன்று நாள்தான் ஆயுசு. இதற்காகக் காயிலைப் பழிக்க வேண்டாம், கூடுதலாகப் போட்டதைக் கழற்றினால் சரியாகிவிடும்.

மீட்டர் வைக்க விற்பவர் சம்மதிப்பாரா என்ற தயக்கம் பலருக்கு இருக்கிறது. பேட்டரியில் எதையும் கழற்றப் போவதில்லை, இரண்டு முனையைத் தொடுவதுதான், ஐந்து நிமிட வேலை. கப்ளரைக் கழற்றக் கூடாது என்று ஒருவர் சொன்னால் அதில் நியாயம் இருக்கலாம், வண்டி இன்னும் அவருடையதுதானே. சீட்டைத் திறக்கவே விடமாட்டேன் என்றால் அந்த விலைக்கு அந்த வண்டி வேண்டாம். சூட்டிலும் குளிரிலும் 14 வோல்ட்டில் நிற்கும் வண்டி அமைந்து, அதன் பேட்டரி மட்டும் பழசாக இருந்தால், புது பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு தைரியமாக அட்வான்ஸ் கொடுக்கலாம்.