பயிரைக் காக்கும் துவக்கும் சட்டமும்

மீண்டும் காணிக்குத் திரும்பும் கமக்காரரை முதலில் எதிர்கொள்பவை காடும் பன்றியும்தான். பல ஆண்டுகள் ஆளில்லாமல் கிடந்த நிலத்தில் காட்டுப்பன்றியும் குரங்கும் குடியேறிவிடுகின்றன. கதிர் முற்றும் வேளையில் ஓரிரவிலே வயல் உழக்கப்பட்டுவிடும். அப்போது, "எங்கேயாவது ஒரு துவக்கு வாங்க முடியாதா?" என்ற கேள்வி எழுவது இயல்பே. ஆனால் துவக்கு மண்வெட்டியைப்போல் கடையில் வாங்கும் பொருளன்று.

இலங்கையில் இதற்கான அடிப்படைச் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமாகும். துவக்கை வைத்திருப்பவருக்கு மட்டுமன்றி, அதைச் செய்பவர், விற்பவர், திருத்துபவர் ஆகியோருக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. 1996இல் வந்த 22ஆம் இலக்கத் திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது.

விற்பனையாளரை இவ்வாறு கட்டுப்படுத்துவது ஏன்? ஒவ்வொரு துவக்கிலும் ஓர் இலக்கம் உண்டு. எந்த இலக்கம் யாருக்குச் சென்றது என்பது விற்பனையாளரின் பதிவேட்டிலும் அனுமதிப்பத்திரத்திலும் இருந்தால், அது கைமாறினாலும் தடம் பிடிக்கலாம். பதிவில்லாத துவக்குக்குத் தடமில்லை. யாரோ செய்த குற்றத்தின் பழி அதை வாங்கியவர்மேல் விழக்கூடும். ஆகவே அனுமதியற்றவரிடம் "மலிவாக" வாங்கும் நாட்டுத் துவக்கு உண்மையில் மலிவானதன்று.

பயிர்ப் பாதுகாப்புக்குத் துவக்கு பெற விரும்புவோர் முதலில் அனுமதியைப் பெறவேண்டும். அதன் பின்னரே வாங்கலாம். கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் விசாரித்தால் வழி சொல்வார்கள். பொலிஸ் அறிக்கையும் கேட்கப்படும். விண்ணப்பம் மாவட்டச் செயலகத்துக்குப் போகும். காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், பயிர் விபரம் ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். கிடைத்த பின் ஆண்டுதோறும் டிசம்பர் 31க்கு முன் புதுப்பிக்கவேண்டும். தவறினால் சட்டப்படி வைத்திருந்த துவக்கும் சட்டவிரோதமாகிவிடும்.

போரின்போது பல குடும்பங்கள் துவக்கையும் பத்திரங்களையும் இழந்தன. பறிகொடுத்தவர்களும் உண்டு, ஓடும்போது விட்டு வந்தவர்களும் உண்டு. பழைய பதிவில் அந்த இலக்கம் இன்னும் உங்கள் பெயரில் இருக்கக்கூடும். எங்கே, எந்த ஆண்டில், எப்படி இழந்தீர்கள் என்று பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதுவித்து, அதன் பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். தந்தையார் பெயரிலிருந்த துவக்காயின் அவருடைய மரணச் சான்றிதழையும் கொண்டுசெல்லுங்கள். நிலத்தில் பழைய துவக்கோ வெடிபொருளோ கண்டால் தொடாமல் பொலிஸாருக்கு அறிவியுங்கள்.

கட்டுத்துவக்கைப் பற்றியும் சொல்லவேண்டும். பன்றி வரும் தடத்தில் கம்பி கட்டி வைக்கும் அந்தத் துவக்குக்கு மனிதனும் பன்றியும் ஒன்றே. விறகு பொறுக்கப் போனவரும் மாடு தேடிப் போனவரும் அதில் காலை இழந்திருக்கிறார்கள்; உயிரையும் இழந்திருக்கிறார்கள். கட்டியவர் சிறைக்குப் போவார். அடிபட்டவர் அயலவராகவோ அவருடைய சொந்தப் பிள்ளையாகவோ இருக்கலாம்.

துவக்கு கிடைக்கும்வரை என்ன செய்வது? அயற்காணிக்காரர் ஒன்றுசேர்ந்து பரண் கட்டி முறைவைத்துக் காவல் இருக்கலாம். பற்றைகளை வெட்டி, வேலியை உறுதியாக அடைக்கலாம். கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் சேதத்தைப் பதிவுசெய்து, ஊரின் கோரிக்கையாகக் கமநல சேவை நிலையத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் எழுத்தில் கொடுக்கலாம். தனி ஒருவரின் குரலைவிட ஊரின் குரலுக்கு வலு அதிகம்.