சிறையிலிருந்து அமைச்சரவைக்கு

அயர்லாந்தின் முதல் பெண் அமைச்சர் கொன்ஸ்டன்ஸ் மார்க்கிவிச். 1916இல் டப்ளின் கிளர்ச்சியில் ஆயுதமேந்திய இவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. பெண் என்பதால் அது ஆயுள்தண்டனையாயிற்று. அடுத்த ஆண்டு விடுதலையானவர் 1918இல் மீண்டும் சிறை சென்றார். அவ்வாண்டு டிசம்பரில் லண்டன் ஹொலோவே சிறையிலிருந்தபடியே தேர்தலில் வென்றார். பிரித்தானியப் பாராளுமன்றத்துக்குத் தெரிவான முதற் பெண் இவரே. ஆனால் அங்கு போய் அமரவில்லை. 1919இல் அயர்லாந்தின் சொந்தப் பாராளுமன்றம் இவரைத் தொழில் அமைச்சராக்கியது. பதவிக் காலத்திலும் சிறை இவரை விடவில்லை.

இவருக்குப் பின் பெண்களுக்கு வழி திறந்ததா? இல்லை. 1922இல் இவர் பதவி நீங்கிய பின் அடுத்த பெண் அமைச்சர் வர 57 ஆண்டுகள் சென்றன. திருமணமான பெண் அரச வேலையை விட்டு விலகவேண்டும் என்ற விதி 1973 வரை இருந்த நாட்டில் அமைச்சுப் பதவியைப் பற்றிப் பேசவும் வேண்டுமா?

மோய்ரா கேகன் குவின், தந்தை இறந்ததால் வெற்றிடமான ஆசனத்தை 1975 இடைத்தேர்தலில் வென்றவர். 1979 டிசம்பரில் ஐரிஷ் மொழி பேசும் பகுதிகளுக்கான அமைச்சரானார். அப்போது அவருக்கு வயது 29.